ஆசிட் பாட்டிலும் அரிவாள்மனையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, குழு நோட்டு எழுதுறது, இதுதான் என் வேலை. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் கிடையாது. அதனால பேப்பரில் எழுதிக்கிட்டு வந்திருக்கேன், பார்த்துப் பார்த்துத்தான் படிப்பேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "குற்றவாளிகள் தவறாகப் பயன்படுத்தும் பொருட்களை அரசாங்கம் தடை செய்ய வேண்டுமா?" என்பது. தலைப்பு பெருசா இருக்கு. ஆனா இது எங்கேயிருந்து வந்ததுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். போன மாதக் கூட்டத்தில், அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதினோம். அதில் மூன்று கோரிக்கை. ஒன்று, ஊருக்குள்ளே ஆசிட் விற்கக்கூடாது. இரண்டு, பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் விற்கக்கூடாது. மூன்று, பள்ளிக்கூடம், காலேஜ் போற பொம்பளப் பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்கக்கூடாது என்று பஞ்சாயத்து தீர்மானம் போட வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "மூணையும் ஒரே கயித்துல கட்டாதீங்க" என்றேன். கொஞ்சம் சத்தம் ஆயிடுச்சு. அதுக்குத் தலைவி அக்கா, "நீ சொல்ல வேண்டியதை ஆண்டு விழாவில் நல்லா யோசிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்கள். யோசிச்சுட்டு வந்திருக்கேன்.

முதலில் அரிவாள்மனையில் இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம எல்லார் அடுப்படியிலும் ஒன்று இருக்கிறது. வெண்டைக்காய் நறுக்குவதும் மீன் ஆய்வதும் அதில்தான். ஒரு உயிரை எடுக்கவும் அது போதும். கதிர் அரிவாள், கொடுவாள், கோடாலி, கடப்பாரை எல்லாமே அப்படித்தான். அம்மிக்குழவியைத் தலையில் போட்டுக் கொன்ற செய்தி எத்தனை தடவை பேப்பரில் வந்திருக்கும்? அதற்காக அம்மிக்கு லைசென்ஸ் கேட்க முடியுமா?

அம்மிக்குக் கேட்கவில்லை, அரிவாளுக்குக் கேட்டார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுவதும் ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, காவல்துறை பட்டறைக்காரர்களுக்குச் சில கட்டுப்பாடு சொன்னது. அரிவாள், கத்தி வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்க வேண்டும். எதற்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். முகம் தெரியாதவருக்கு விற்கக்கூடாது. பட்டறையில் கேமரா வைக்க வேண்டும்.

எங்க அம்மா ஊர் பட்டறைக்காரப் பெரியவர் அதுக்குன்னே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்தார். அறுப்பு சமயத்தில் நான் கதிர் அரிவாளைச் சாணை பிடிக்கப் போனபோது அந்த நோட்டைக் காட்டிச் சிரித்தார். "பாரும்மா, நோட்டு பூரா அறுப்புக்குப் போற பொம்பளைங்க பேருதான் இருக்கு. வெட்டுறவன் எவனும் வந்து கையெழுத்துப் போடல" என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்கு. ஆனா எனக்கு அது மனசுல ஒட்டிக்கிச்சு. ஒரு கட்டுப்பாடு வரும்போது அதில் மாட்டுவது கெட்டவனா, இல்லை வேலைக்குப் போறவளா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் மனுவில் உள்ள மூன்றையும் பார்த்தேன்.

இப்ப ஆசிட்டுக்கு வர்றேன். அதில் எனக்கு மனுவோடு சண்டையே இல்லை. நம்ம தெருவில் வாரத்துக்கு ஒரு தடவை டி.வி.எஸ். வண்டியில் "ஆசிட்ட்... பினாயில்ல்..." என்று கூவிக்கிட்டு ஒருத்தர் வருவார். பழைய தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பார். மேலே பேப்பர் கிடையாது, பேர் கிடையாது. யார் வேணும்னாலும் வாங்கலாம். எட்டு வயசுப் பையன் காசு கொண்டு போனாலும் கொடுப்பார்.

டெல்லியில் லக்ஷ்மி என்ற பெண் மீது 2005-ல் ஆசிட் ஊற்றினார்கள். அப்போது அவள் பள்ளிக்கூட வயசுப் பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டவனுக்கு முடியாது என்று சொன்னதுதான் காரணம். முகம் போன பிறகு அந்தப் பெண் வீட்டில் முடங்கி உட்காரவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், ஆசிட்டைக் கடையில் இஷ்டத்துக்கு விற்பதைத் தடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டாள். ஏழு வருஷம் நடந்தது. அதற்குள் நம்ம பக்கத்துக் காரைக்காலிலேயே 2012 நவம்பரில் இஞ்சினியரிங் படித்து வேலைக்குப் போன ஒரு பெண் மீது ஊற்றினார்கள். அதுவும் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பதற்காகத்தான். 2013 பிப்ரவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை இறந்துபோனாள். நாம் எல்லாரும் அப்போது டி.வி.யில் பார்த்து அழுதோம்.

2013 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆசிட் விற்கிற கடைக்காரர் வாங்குகிறவரின் பெயர், முகவரி, எவ்வளவு வாங்கினார் என்பதை நோட்டில் எழுத வேண்டும். போட்டோ ஒட்டிய அரசு அடையாள அட்டை பார்க்க வேண்டும். எதற்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது. கையிருப்பு எவ்வளவு என்று கோட்டாட்சியருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அரசு குறைந்தது 3 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். அதே வருஷம் தண்டனைச் சட்டமும் மாறியது. ஆசிட் ஊற்றினால் குறைந்தது 10 வருஷம் ஜெயில், ஆயுள் வரைக்கும் போகலாம்.

இத்தனை இருக்கிறதே, நம்ம தெருவுக்கு வர்ற டி.வி.எஸ்.காரர் இதில் ஒன்றையாவது செய்கிறாரா? இன்னமும் நாட்டில் ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கும் மேலே ஆசிட் வழக்கு பதிவாகிறது.

சிலர் சொல்றாங்க, "ஆசிட் இல்லன்னா மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய் இல்லன்னா கத்தி, செய்யறவன் எதை வச்சாவது செய்வான்" என்று. பாதி உண்மை. ஆனா பங்களாதேஷ் கணக்கைப் பாருங்க. அங்கே 2002-ல் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 500 ஆசிட் வீச்சு நடந்தது. அந்த வருஷமே ரெண்டு சட்டம் கொண்டு வந்தார்கள். ஒன்று ஆசிட் விற்பனைக்கு லைசென்ஸ், இன்னொன்று வழக்கைச் சீக்கிரம் முடிக்கத் தனி நீதிமன்றம். பெண்கள் அமைப்புகளும் ஊர் ஊராக வேலை செய்தன. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது வருஷத்துக்கு 100-க்கும் கீழே வந்துவிட்டது. எல்லாம் கடையைப் பூட்டியதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா கோபத்தில் இருக்கிறவன் கைக்கு எட்டுற தூரத்தில் ஒரு சாமான் இல்லாமல் இருந்தால், ஒரு ராத்திரி தாண்டும். அந்த ஒரு ராத்திரியில் எத்தனையோ மாறும்.

இது அடுத்தவன் ஊற்றுவதற்கு மட்டும் இல்லை அக்கா. நம்ம வீட்டுப் பெண்களே கோபத்தில், வெறுப்பில் எடுத்துக் குடித்திருக்கிறார்கள். யார் என்று பேர் சொல்ல மாட்டேன், இங்கே இருக்கிறவர்களுக்கே தெரியும். பிழைத்தாலும் உணவுக்குழாய் வெந்து சுருங்கிப் போய், கஞ்சி கூட இறங்காமல் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறார்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில் என்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் வைத்ததும் உண்டு.

சரி, இது இல்லாமல் நமக்கு முடியாதா? முடியும். கக்கூஸ் கழுவ ப்ளீச்சிங் பவுடர் இருக்கிறது, நம்ம குழுவே தயாரிக்கிற பினாயிலும் சோப் ஆயிலும் இருக்கிறது. கடையில் டப்பாவில் விற்கிற கிளீனரிலும் ஆசிட் உண்டு. ஆனா அதை நீர்க்கச் செய்து, கெட்டியாக்கி, பூட்டு மாதிரி மூடி போட்டு, மேலே எச்சரிக்கை அச்சடித்து விற்கிறார்கள். ஒரு விஷயம் சொல்லிடறேன், மறந்துடாதீங்க. ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டோ அந்தக் கிளீனரோ ஊற்றவே ஊற்றாதீங்க. ரெண்டும் சேர்ந்தால் குளோரின் என்கிற விஷவாயு வரும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு இதைச் செய்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

நகை செய்கிறவருக்கு ஆசிட் வேண்டும், பேட்டரி கடைக்கு வேண்டும். அவர்களுக்கு அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்குவது பெரிய கஷ்டம் இல்லை. பட்டறைப் பெரியவர் நோட்டில் அறுப்புக்குப் போற பொம்பளைங்க பேர் வந்த மாதிரி இதில் வராது. அதனால ஆசிட்டைக் கட்டுப்படுத்துங்க என்று நான் ரெண்டு கையையும் தூக்குகிறேன்.

ஆனா சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். மெத்தனால் என்று ஒரு ரசாயனம். பெயிண்ட், வார்னிஷ் கம்பெனிக்கு வேண்டியது. அதை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1959-லிருந்தே விதி இருக்கிறது. ஆனாலும் 2023 மே மாசம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் 20-க்கும் மேற்பட்டவர்கள் அதைக் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தார்கள். அடுத்த வருஷமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள். தாலி அறுத்த பெண்களில் நம்மைப் போலக் குழு நோட்டில் பேர் உள்ளவர்களும் இருந்திருப்பார்கள். விதி 65 வருஷமாகப் பேப்பரில் இருந்தது. கேன் எங்கேயிருந்து கிளம்பிப் போகிறது என்று பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை. அதனால்தான் ஆசிட்டுக்குத் தீர்மானம் போடும்போது, யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்கிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது மனுவில் இல்லை. ஆனா கட்டுப்பாடு என்றாலே எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். 2016 நவம்பர் 8, ராத்திரி 8 மணி. 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு நடு ராத்திரிக்கு மேல் செல்லாது என்றார்கள். காரணம் என்ன சொன்னார்கள்? கறுப்புப் பணம், கள்ள நோட்டு, தீவிரவாதிகளுக்குப் போகிற பணம். ரூபாய் நோட்டைவிடத் தினமும் கையில் புழங்குகிற சாமான் வேறென்ன இருக்கு? கெட்டவன் கையிலும் அதுதான், நம்ம கையிலும் அதுதான். கெட்டவனைப் பிடிக்க, புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்புப்படி 86 சதவீதத்தை ஒரே ராத்திரியில் நிறுத்தினார்கள்.

அந்த வாரம் நம்ம குழுவில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடன் தவணைக்குச் சேர்த்த பணம் எல்லாம் ஐந்நூறு ஐந்நூறாக இருந்தது. களை எடுத்த கூலியைச் சில பண்ணைக்காரர்கள் வேணும்னே பழைய நோட்டாகக் கொடுத்தார்கள். வாங்கலன்னா அதுவும் கிடையாது. மாற்ற பேங்குக்குப் போனால் ஒரு ஆளுக்கு 4,000 ரூபாய்தான், அப்புறம் அதையும் குறைத்தார்கள். ஓட்டுப் போட்ட மாதிரி விரலில் மை வைத்தார்கள். கைப்பிள்ளையோடு காலையில் போய் நின்று, சாயந்திரம் பணம் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள்.

எங்க அத்தை, அதாவது என் மாமியார், உளுந்து டப்பாவுக்குள்ளே பதினோரு ஐந்நூறு ரூபாய் வைத்திருந்தார்கள். ஐயாயிரத்து ஐந்நூறு. பால் ஊற்றின காசு, புளி தட்டின காசு, சிறுகச் சிறுகச் சேர்த்தது. எங்க மாமாவுக்கும் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. எனக்குக்கூடத் தெரியாது. மூன்று நாள் சாப்பாடே இறங்காமல் இருந்துவிட்டு, நாலாவது நாள் டப்பாவைத் திறந்து எல்லார் முன்னாடியும் கொட்டினார்கள். மாமா ஒன்றும் திட்டவில்லை. "இவ்வளவு நாளா என்னை ஏமாத்திட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டார். பேங்கில் மாற்றி வந்த பணம் உரக்கடை பாக்கிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அத்தை கையில் தனியாகக் காசு சேர்த்து நான் பார்க்கவில்லை. அது கறுப்புப் பணமா அக்கா? அவசரத்துக்கு நம்மளை யாரும் கைவிட்டுடக் கூடாதுன்னு ஒரு பொம்பளை வைத்துக்கொண்ட பாதுகாப்பு.

2018-ல் ரிசர்வ் வங்கி கணக்குச் சொன்னது. செல்லாது என்று சொன்ன பணத்தில் 99.3 சதவீதம் பேங்குக்குத் திரும்பி வந்துவிட்டது. நூறு ரூபாய்க்கு எழுபது காசுதான் வரவில்லை. கறுப்புப் பணம் வைத்திருந்தவன் எப்படியோ மாற்றிக்கொண்டான் என்றுதான் எனக்கு அதில் புரிகிறது. அதற்கப்புறம் ஜிபே எல்லாம் பரவியது, பேங்க் கணக்கு ஓடியது, அது நல்லதுதானே என்று சொல்கிறவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த நடவடிக்கை செல்லும் என்றுதான் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் அப்படிச் சொன்னார்கள். நாகரத்னா என்ற பெண் நீதிபதி ஒருவர் மட்டும், இதைப் பாராளுமன்றத்தில் சட்டமாக வைத்துச் செய்திருக்க வேண்டும், செய்த முறை சரியில்லை என்று தனியாக எழுதினார். நான் சட்டம் படிச்சவ இல்லை. என் மனசு அந்த அம்மா பக்கம்தான் நிற்கிறது.

பெட்ரோலுக்கு ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். பெட்டிக்கடையில் வெயிலில் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தொங்குவது ஆபத்துதான், அதைத் தடுக்கட்டும். ஆனா பெட்ரோல் குண்டு வீசினார்கள் என்று செய்தி வரும் போதெல்லாம், பங்கில் கேன் கொண்டு போனால் ஊற்ற மாட்டேன் என்கிறார்கள். மருந்து அடிக்கிற மெஷினையும் களை வெட்டுற மெஷினையும் பங்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை மருந்து மெஷினையே பைக் பின்னாடி கட்டிக்கொண்டு போய் நிரப்பி வந்தார். அதனால, விவசாய வேலைக்கு இரும்புக் கேனில் ஊற்றலாம், வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு போதும் என்று சேர்த்து எழுதினால் நான் சம்மதிக்கிறேன்.

இப்ப செல்போன். இதைச் சொன்னால் சில அக்காவுக்குக் கோபம் வரும். வரட்டும், கேளுங்க.

அந்தக் கோரிக்கை ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் காலேஜ் போற ஒரு பிள்ளையின் போட்டோவை எடுத்து, வேறு உடம்போடு ஒட்டி, பணம் கொடு, இல்லன்னா ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டினார்கள். அந்தப் பிள்ளை காலேஜை நிறுத்தி இரண்டு மாசம் ஆகிறது. அந்தத் தாயை நான் போய்ப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, போனே வேண்டாம் என்றுதான் தோன்றும். எனக்கும் ஒன்பதாவது படிக்கிற பொண்ணு இருக்கா. பயம் எனக்கு இல்லாமல் இல்லை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. போட்டோவை ஒட்டினவன் கையில் இன்றைக்கும் போன் இருக்கிறது. பிடுங்கினது அந்தப் பிள்ளை போனை. நம்ம மனுவிலும் "பொம்பளப் பிள்ளைகள்" என்றுதான் எழுதியிருக்கிறோம். பையன்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மிரட்டினது பையன், போனைக் கொடுக்க வேண்டியது பொண்ணா?

இது புதுசு இல்லை. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்தில் சூரஜ் என்று ஒரு கிராமம். 2016 பிப்ரவரியில் அங்கே கல்யாணம் ஆகாத பெண்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊர் முடிவு செய்தார்கள். மீறினால் 2,100 ரூபாய் அபராதம். காட்டிக் கொடுக்கிறவருக்கு 200 ரூபாய் பரிசு. பொண்ணு போன் வைத்திருக்கிறாளா என்று வேவு பார்க்கக் கூலி! நம்ம பஞ்சாயத்தும் அந்த வரிசையில் பேப்பரில் வரணுமா?

அரசாங்கங்களும் பயம் வந்தால் முதலில் இதைத்தான் அணைக்கின்றன. 2018 மே மாசம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். வதந்தி பரவக்கூடாது என்றார்கள். பிள்ளை பத்திரமா இருக்கானா என்று வாட்ஸ்அப்பில் கேட்க முடியாமல் தவித்த தாய்மார்களை நினைத்துப் பாருங்க. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தினது, முழு வேகத்தில் திரும்ப வர 2021 பிப்ரவரி ஆனது. அதை எதிர்த்து அனுராதா பாசின் என்ற பத்திரிகை ஆசிரியை வழக்குப் போட்டார். காலவரையில்லாமல் இன்டர்நெட்டை நிறுத்தி வைக்கக்கூடாது, நிறுத்தும் உத்தரவை எல்லாருக்கும் தெரிய வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. லக்ஷ்மி வழக்கும் சரி, இதுவும் சரி, நீதிமன்றப் படி ஏறியது பெண்கள்தான் என்பதைக் கவனித்தீங்களா?

ஆசிட்டுக்கும் போனுக்கும் வித்தியாசம் என்ன என்று என் பொண்ணே கேட்டாள். "ரெண்டையும் வச்சுக் கெட்டது பண்றாங்களே, ஒண்ணுக்கு மட்டும் ஏன் சரின்னு சொல்ற?" நான் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். ஆசிட்டை எடுத்துட்டா நமக்கு வேறு வழி இருக்கு. ஊற்றினதைத் திரும்ப அள்ளவும் முடியாது. போனை எடுத்துட்டா வேறு வழி இல்லை. புதுமைப் பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் வந்ததா என்று பார்ப்பது போனில். காலேஜ் விண்ணப்பம் போனில். பஸ் வரலைன்னு அம்மாவுக்குச் சொல்வது போனில். எவனாவது பின்னாடி வந்தால் 100-க்கோ 181-க்கோ கூப்பிடுவதும் அதில்தான். நான் இன்றைக்குச் சொன்ன வழக்குத் தேதியெல்லாம் என் பொண்ணு போனில் தேடி, ரெண்டு மூணு இடத்தில் சரிபார்த்து எழுதிக் கொடுத்தது.

அந்தப் பிள்ளைக்கு நடந்த மாதிரி யாருக்காவது நடந்தால் போனைப் பிடுங்காதீங்க. அதில்தான் சாட்சி இருக்கு. மிரட்டி அனுப்பின மெசேஜை அழிக்காமல் அப்படியே போட்டோ பிடித்து வையுங்க. 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அதை நிறுத்தி வைக்க வழி இருக்கு. பொம்பளைக்கு எதிரான இந்த மாதிரிப் புகாரை சைபர் கிரைம் இணையதளத்தில் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம். இன்னொன்று, சஞ்சார் சாத்தி என்று மத்திய அரசு தளம் ஒன்று இருக்கு. நம்ம ஆதாரை வைத்து நமக்குத் தெரியாமல் எத்தனை சிம் வாங்கியிருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம், நம்முடையது இல்லை என்று சொல்லி நிறுத்தவும் வைக்கலாம். குழுக் கடனுக்கு, அதுக்கு இதுக்கு என்று நாம் ஆதார் நகலை எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்! சிம் விற்கும்போது ஆளை நேரில் பார்த்துக் கொடு என்று கடைக்காரனை நெருக்கினால் நான் வரவேற்கிறேன். அந்தக் கட்டுப்பாடு போய் விழுவது மிரட்டுகிறவன் மேலே.

ஆகவே கூட்டமைப்பின் முன்னால் நான் வைக்கும் வேண்டுகோள் இது. மனுவில் முதல் கோரிக்கை இருக்கட்டும். அதோடு, ஆசிட் விற்கும் கடைகளில் நோட்டு இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, அடுத்த கிராம சபையில் சொல்ல வேண்டும் என்று சேர்ப்போம். பார்க்கப் போகும்போது நம்ம குழுவில் இருந்து ரெண்டு பேர் கூடப் போகலாம், நான் முதல் ஆளாக வருகிறேன். இரண்டாவது கோரிக்கையில் விவசாயக் கேனுக்கு விலக்கு எழுதுவோம். மூன்றாவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில், சைபர் கிரைம் போலீஸ் நம்ம ஊர் பள்ளிக்கூடத்துக்கு வந்து பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று எழுதுவோம். டி.வி.எஸ்.காரர் பிழைப்பு என்ன ஆகும் என்று ஒரு அக்கா கேட்டார்கள், நியாயமான கேள்வி. நம்ம பினாயிலை அவர் வண்டியில் விற்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். கமிஷன் எவ்வளவு என்று கேட்டார். அதைப் பொருளாளர் அக்காதான் முடிவு செய்ய வேண்டும்.

திருத்திய மனுவைக் கையால் எழுதிக் கொண்டு வந்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் படித்துப் பார்த்து, சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள். சம்மதம் இல்லாதவர்கள் இந்த மைக்கிலேயே வந்து ஏன் என்று சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன். மனுவை 1-ந் தேதிக்குள் ஊராட்சிச் செயலரிடம் சேர்க்க வேண்டும்.